வண்டியின் முகலட்சணம்

பிரிஞ்சாங்கைத் தாண்டிக் கம்போங் ராஜாவை நோக்கிச் செல்லும் சாலையில், வாரக் கடைசிதோறும் கோலாலம்பூரிலிருந்தும் ஈப்போவிலிருந்தும் வந்து குவியும் புதுக் கார்களின் நெரிசலுக்கு நடுவே, முட்டைக்கோஸ் கூடைகளைச் சுமந்துகொண்டு, கதவு நசுங்கி, வர்ணம் வெளுத்து, எனினும் எவருக்கும் கூச்சப்படாத தோரணையோடு ஊர்ந்து போகும் பழைய லேண்ட்ரோவர்களைக் காணாமல் கேமரன் மலையிலிருந்து திரும்பியவர் இருக்க முடியாது. புதுக் கார்களின் முகப்பில் உறுத்து நோக்கும் விளக்குகளும், அகன்று பிளந்த கிரில்லும், வெள்ளி முலாம் பூசிய சின்னங்களும் நிறைந்திருக்கின்றன. லேண்ட்ரோவரிலோ அலங்காரம் என்று சொல்லத்தக்கது ஏதும் இல்லை. இருந்தும், இவ்விரண்டில் எது அர்த்தமுள்ள ரூபம் என்று கேட்டால், அந்தப் பழைய வண்டியையே நான் சுட்டிக்காட்டுவேன்.

அது பிறந்த விதமே அதற்குச் சாட்சி. இரண்டாம் உலக யுத்தம் முடிந்து, இங்கிலாந்தில் எஃகுக்குக் கடும் கட்டுப்பாடு நிலவிய காலத்தில், 1947இல், ரோவர் கம்பெனியின் மாரிஸ் வில்க்ஸ் ஆங்கிள்சி தீவின் கடற்கரை மணலில் அதன் முதல் உருவத்தைக் கீறிக் காட்டினார் என்பது பிரசித்தமான வரலாறு. மறு ஆண்டு ஏப்ரலில் ஆம்ஸ்டர்டாம் கண்காட்சியில் அறிமுகமான அவ்வண்டியின் ஒவ்வொரு கோட்டுக்கும் ஒரு காரணம் இருந்தது. எஃகு கிடைக்காததால் மேற்கூடு அலுமினியக் கலவையாயிற்று. அச்சு வார்க்கும் செலவைத் தவிர்க்கத் தகடுகள் தட்டையாயின. 1958இல் வந்த இரண்டாம் வரிசையில் பக்கவாட்டுத் தகடு சற்றே புடைத்ததுகூட, அகலமாக்கப்பட்ட சக்கர இடைவெளியை மூடுவதற்காகத்தான். தட்டையான பானட்டின் மேல் உபரிச் சக்கரம் ஒன்றைப் படுக்கவைத்துப் பூட்டலாம். கதவின் கீல்கள் வெளியே தெரியும்படி அமைந்திருப்பதால் கையில் ஸ்பேனர் உள்ளவன் எவனும் அதைக் கழற்றி மாட்டலாம். அழகை உத்தேசித்து எதுவும் செய்யப்படாத அந்த வண்டிக்கு ஒரு கம்பீரம் வந்து சேர்ந்ததுதான் விந்தை.

அதே 1948இல் அமெரிக்காவில் நேர் எதிரான ஒரு சித்தாந்தம் தலையெடுத்தது. ஹார்லி ஏர்லின் தலைமையில் உருவான காடிலாக் கார், பி-38 என்னும் போர் விமானத்தின் வாலைப் பார்த்து, பின்புறத்தில் இரண்டு துடுப்புகளை முளைக்கவிட்டது. ஆண்டுக்கு ஆண்டு வளர்ந்த அத்துடுப்பு 1959இல் உச்சத்தை எட்டி, அதன்பின் சில ஆண்டுகளிலேயே இருந்த இடம் தெரியாமல் மறைந்தது. பறக்காத வண்டிக்குப் பறவையின் சின்னம் எத்தனை நாள் தாங்கும்?

ஆயினும், பிரயோஜனத்தில் பிறந்த வடிவம் குற்றமற்றது என்று நான் சொல்ல வரவில்லை. 1929இல் ஜே. ஏ. ரஸ்ஸல் தொடங்கிய போ தோட்டம் முதலாக, இம்மலையின் தேயிலைத் தோட்டங்களைத் தம் உழைப்பால் வளர்த்த தமிழ்த் தொழிலாளருக்கு, சரிவில் ஏறிவரும் நான்கு சக்கர வண்டியின் உறுமல் வெகுகாலம்வரை ஒரே ஒரு செய்தியைத்தான் சொல்லியிருக்கும்: துரை வருகிறார். மலாயாவின் அவசரகாலத்தில், 1951 அக்டோபர் 6 அன்று, ஃபிரேசர் மலைக்குச் செல்லும் பாதையில் கெரில்லாக்களின் தாக்குதலில் உயிரிழந்த உயர் ஆணையர் சர் ஹென்றி கர்னி பயணம் செய்ததோ, கிரேக்கக் கோயிலின் முகப்பை நினைவூட்டும் கிரில்லைத் தாங்கிய ரோல்ஸ்ராய்ஸில். அதிகாரத்தைப் பறைசாற்றும் உருவம் அதிகாரிக்குக் காவலாக நிற்கவில்லை. ஆக, வடிவத்தின் பொருளில் பாதி அதை வரைந்தவனுடையது. மறுபாதி, கூடையைச் சுமந்தபடி ஒதுங்கி நின்று அதைப் பார்த்தவனுடையது. துரைமார் கையிலிருந்து காய்கறித் தோட்டக்காரர் கைக்கு வந்தபோது அதே லேண்ட்ரோவரின் உருவம் அச்சத்தை விட்டுப் பிழைப்பின் சின்னமாயிற்று.

இந்த மறுபாதியை நம்மவர்கள் எவ்வளவு நுட்பமாக நிறைவு செய்கிறார்கள் என்பதை ஆயுத பூஜையன்று பார்க்க வேண்டும். வண்டியைக் கழுவித் துடைத்து, மாலை சாத்தி, பானட்டில் மூன்று விரலால் விபூதிப் பட்டை இழுத்து, சந்தனம் வைத்து, அதன்மேல் குங்குமம் இட்டு, நான்கு சக்கரத்துக்கும் அடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கி நகர்த்துகிறார்கள். அந்தப் பொட்டு விழும் இடம் கவனிக்கத்தக்கது: விளக்குகள் இரண்டும் கண்களானால் புருவமத்தி எதுவோ, அங்கே. பழைய மாடல்களில் கிரில்லை ஒட்டி நடுவே நெருங்கியிருந்த விளக்குகள் 1960களின் இறுதியில் இரு ஓரங்களுக்கும் இடம்பெயர்ந்தன; முகம் அகன்றது, பொட்டு வைக்கும் கை குழம்பவில்லை. அடுத்த மழையில் அது கரைந்துபோகும்; மறு ஆண்டு திரும்பவும் இடுவார்கள். தொழிற்சாலை ஒட்டித் தரும் சின்னத்துக்கு இந்தப் பந்தம் இல்லை.

நம் தேசியக் காரையும் இந்த நோக்கில் பரிசீலிக்கலாம். 1985இல் மிட்சுபிஷியின் உடலமைப்பைத் தழுவி வெளிவந்த புரோட்டோன் சாகா, பிறையையும் பதினான்கு முனை நட்சத்திரத்தையும் அணிந்து வந்தபோது, அந்தச் சின்னம் ஒரு தேசத்தின் ஆசையை நியாயமாகவே ஏந்தி நின்றது. சாதாரண ஜனங்கள் பெருமிதம் கொண்டதும் பொய்யன்று. பின்னர் புலித்தலை வந்தது. 2018இல் வந்த எக்ஸ்70, சீனத்து ஜீலி கம்பெனியின் உடலில் அந்தப் புலியைத் தாங்கியது. முப்பது ஆண்டுகளுக்கு மேலாகியும் இவ்வண்டியில் உடல் இரவலாகவும் திலகம் மட்டும் நமதாகவும் இருப்பதுதான் குறை. சின்னத்தைக் கூர்மையாக்குவதாலோ, முகப்பை மேலும் உக்கிரமாக்குவதாலோ அக்குறை தீராது.

புரோட்டோனில் கார் வரைபவர்கள் தாப்பா வழியாக மலையேறி, முட்டைக்கோஸ் கூடை எந்த உயரத்துக்குத் தூக்கப்படுகிறது, சேறு எங்கே அப்புகிறது, குளிரில் கையுறை அணிந்த கை எந்தக் கைப்பிடியைப் பற்றுகிறது என்று பார்த்துவிட்டு வரைந்தால், இந்நாட்டுக்குரிய ஒரு வடிவம் பிறக்க வழியுண்டு. அருங்காட்சியகத்தாரும், பழைய லேண்ட்ரோவர் ஒன்றைப் பளபளப்பாக்காமல், அதன் நசுங்கலோடும் குங்குமக் கறையோடும் அப்படியே எடுத்து வைக்கட்டும். வர்ணம் பூசிப் புதுப்பித்தால் எஞ்சுவது வில்க்ஸின் பாதி மட்டுமே, இம்மலையில் உழைத்தவர்கள் சேர்த்த பாதி அழிந்துபோகும்.