டிவிடி நகலெடுப்பு: பழுதைத் தேடும் வரிசை

டிவிடி நகலெடுக்கும் மென்பொருள் பாதியில் நின்றுபோனால், அதை நீக்கிவிட்டு மறுபடி நிறுவுவதுதான் பல ஸ்டூடியோக்களிலும் கணினிக் கடைகளிலும் நடக்கும் முதல் வேலை. அதில் சரியாகவில்லை என்றால் வேறொரு மென்பொருளைத் தேடுவார்கள். அதற்கும் மசியவில்லை என்றால் ‘வட்டு போச்சு’ என்று திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். இந்த வரிசை தலைகீழானது. மென்பொருள் திரையில் காட்டும் பிழைச் செய்தி பெரும்பாலும் டிரைவ் சொன்னதன் மறுபதிப்புதான். டிரைவ் சொல்வதோ வட்டின் நிலையைப் பற்றியது. ஆகவே வட்டில் தொடங்கி, டிரைவ், கேபிள், மின்சாரம், விண்டோஸ் என்று ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு வந்து, கடைசியில்தான் மென்பொருளைச் சந்தேகிக்க வேண்டும்.

இந்த வரிசை எவ்வளவு முக்கியம் என்பது போனக்காடு போன்ற ஊரிலிருந்து வரும் வட்டுகளில் தெரியும். திருவனந்தபுரம் மாவட்டத்தில் விதுராவைத் தாண்டி, அகத்தியர்கூடம் ஏறுபவர்கள் புறப்படும் இடம் அது. ஆங்கிலேயர் காலத்துத் தேயிலைத் தோட்டம். வேலைக்கென்று தமிழ்நாட்டுப் பக்கத்திலிருந்து வந்த குடும்பங்களின் வாரிசுகள் லயங்கள் எனும் வரிசை வீடுகளில் வாழும் ஊர். தோட்டம் முடங்கி, கூலி நின்று, பலர் இடம்பெயர்ந்த பிறகு, ஊர் கலகலப்பாக இருந்த நாட்களின் கல்யாணமும் கோயில் கொடையும் தேவாலயத் திருவிழாவும் ஒரு குடும்பத்திடம் மிஞ்சியிருந்தால், அது பெரும்பாலும் ஒரு டிவிடியில்தான் இருக்கும். வட்டுகளைப் பாதுகாப்பது பற்றி அமெரிக்காவின் தேசியத் தர நிறுவனம் 2003-இல் வெளியிட்ட கையேடு, 20 முதல் 50 விழுக்காடு ஈரப்பதத்தில் வைக்கச் சொல்கிறது. தென்மேற்கு, வடகிழக்கு என்று இரண்டு பருவமழையும் கொட்டும் மலையில், ஓடு ஒழுகும் லயத்தில், அந்த வரம்பு நடக்கிற காரியம் இல்லை. அங்கிருந்து ஒரு வட்டு வந்தால் அதில் பூஞ்சை இருக்கும் என்று எண்ணிக்கொண்டே கையில் எடுக்க வேண்டும்.

டிவிடி என்பது 0.6 மில்லிமீட்டர் தடிமன் உள்ள இரண்டு பாலிகார்பனேட் தகடுகளை ஒட்டிச் செய்தது. தகவல் பதிந்த அடுக்கு நடுவில் இருக்கிறது. சிடியில் அந்த அடுக்கு மேல்பக்க அச்சுக்கு நேர்கீழே இருப்பதால் பேனா கீறினாலே போய்விடும். டிவிடிக்கு அந்த ஆபத்து குறைவு. ஆனால் ஒட்டிய விளிம்பின் வழியாக ஈரம் உள்ளே இறங்கும். பெலீஸ் நாட்டிலிருந்து கொண்டுவந்த ஒரு சிடியின் அலுமினியப் பூச்சைப் பூஞ்சை தின்றிருந்ததை ஸ்பெயின் ஆய்வாளர்கள் 2001-இல் கண்டறிந்தார்கள். அதுவும் ஈரம் மிகுந்த நாடுதான்.

வட்டை விளக்கொளியில் சாய்த்துப் பிடித்தால் மேலே படிந்த பூஞ்சையையும் உள்ளே புகுந்ததையும் பிரித்தறியலாம். மேலே படிந்தது வெண்புள்ளியாகவோ நூலாகவோ தெரியும், கழுவினால் போகும். தகவல் பதிந்த சாய அடுக்கில் வெளுத்த திட்டு தெரிந்தால் அது கழுவிப் போவதல்ல. கழுவுவதற்குச் சுத்தமான தண்ணீரும் சில சொட்டு மென்சோப்பும் போதும். எண்ணெய்க் கறைக்கு ஐசோபுரோப்பைல் ஆல்கஹால். பஞ்சு நூல் துணியால் நடுத்துளையிலிருந்து விளிம்பு நோக்கி நேர்க்கோட்டில் துடைக்க வேண்டும், வட்டமாகத் துடைக்கவே கூடாது. வட்டமாக விழும் கீறல் ஒரே தடத்தில் நெடுந்தூரம் ஓடிப் பிழைதிருத்தக் கணக்கைத் தோற்கடித்துவிடும்; குறுக்கே விழும் கீறலை அதே கணக்கு பெரும்பாலும் சமாளித்துவிடும். ஒட்டுத்தாள் லேபிளைப் பிய்க்க வேண்டாம். குளிர்ந்த மலையிலிருந்து வந்த வட்டோ டிரைவோ வியர்த்திருந்தால், முழுக்கக் காய்ந்த பிறகே இயக்க வேண்டும்.

வட்டு சுத்தமாக இருந்தும் ‘காலி வட்டு’ என்று கணினி காட்டுவது அடுத்த வகைப் பழுது. இதற்குப் பெரும்பாலும் காரணம் பதிவு முடித்து வைக்கப்படாதது, அதாவது ஃபைனலைஸ் செய்யாதது. 8 சென்டிமீட்டர் குட்டி வட்டில் நேராகப் பதியும் கேம்கோடர்களில் இது அடிக்கடி நேரும். பதிந்த கேம்கோடரே கிடைத்தால் அதிலேயே முடித்து வைப்பது நல்லது. கிடைக்காவிட்டால் ஐசோபஸ்டர் போன்ற மென்பொருள், உள்ளடக்க அட்டவணை இல்லாமலே செக்டர்களைத் தேடி எடுக்கும். ‘காலி’ என்ற ஒரு சொல்லை நம்பி அந்த வட்டைக் குப்பையில் போட்டவர்கள் இழந்தது முழுப் பதிவை.

பழைய வட்டைக் கையாளும்போது உறுதியாகக் கடைப்பிடிக்க வேண்டிய முறை ஒன்று உண்டு. வீடியோ இருக்கும் விஓபி கோப்புகளை இழுத்துப் போட்டு நகலெடுக்கக் கூடாது. முதலில் முழு வட்டையும் ஓர் ஐஎஸ்ஓ இமேஜாக எடுத்துவிட வேண்டும். கோப்பாக நகலெடுக்கும்போது ஒரு செக்டர் படிக்க மறுத்தால் விண்டோஸ் அந்தக் கோப்பையே கைவிடும். ஒரு விஓபி கோப்பு 1 ஜிபி வரை இருக்கும், ஏறக்குறைய கால்வாசி வட்டு. அதே இடத்தில் லினக்ஸின் ஜிஎன்யு டிடிரெஸ்க்யூ, படிக்க முடியாத பகுதியைக் குறித்து வைத்துக்கொண்டு தாண்டிப் போகும். நல்ல பகுதி முழுவதையும் எடுத்து முடித்த பிறகே கெட்ட பகுதிக்குத் திரும்பும். தொகுதி அளவை டிவிடிக்குரிய 2048 பைட்டாகக் கொடுத்து, அந்தக் குறிப்பு இருக்கும் மேப் கோப்பைத் தவறாமல் சேமிக்க வேண்டும்.

மேப் கோப்பின் அருமை இரண்டாவது டிரைவில் தெரியும். ஒரு டிரைவ் திணறும் இடத்தை வேறு நிறுவனத்து டிரைவ் சரளமாகப் படிப்பது இத்தொழிலில் அன்றாட அனுபவம். அதே வட்டை, அதே மேப் கோப்போடு, மற்றொரு டிரைவில் போட்டால், விட்டுப்போன செக்டர்களை மட்டும் அது நிரப்பும். ஆகவே விற்பனைக்கு வரும் பழைய மேசைக்கணினி டிரைவ்கள் இரண்டு மூன்றை வாங்கி வைப்பது, புது மென்பொருளுக்குச் செலவிடுவதைவிடப் பயன் தரும்.

மிச்சமிருக்கும் இழப்பு எவ்வளவு என்பதையும் கணக்கிட்டுப் பார்க்கலாம். டிவிடி 16 செக்டர்களை, அதாவது 32 கேபி அளவை, ஒரு பிழைதிருத்தத் தொகுதியாகக் கட்டுகிறது. அதில் ஒன்று முழுதாகப் போனாலும், நொடிக்கு 5 மெகாபிட் வேகத்தில் பதிந்த கல்யாண வீடியோவில் அது ஏறக்குறைய ஒன்றேகால் ஃபிரேம். எம்பெக்-2 முறையில் ஒரு ஃபிரேமை நம்பி அடுத்தடுத்தவை வருவதால் கண்ணுக்குத் தெரியும் கலங்கல் அரை நொடி வரை நீளும். தாலி கட்டும் காட்சி அரை நொடி கலங்கியிருக்கும், அவ்வளவே. ‘வட்டு போச்சு’ என்ற தீர்ப்பு பல நேரம் அந்த அரை நொடிக்காக முழுக் கல்யாணத்தையும் தள்ளிவிடுகிறது. நகலெடுப்பு வழக்கமாகக் கடைசிப் பகுதியில் நிற்பதற்கும் காரணம் உண்டு. டிவிடி உள்ளிருந்து வெளியே பதியப்படுகிறது. விரல் படுவதும் ஈரம் இறங்குவதும் விளிம்பில். அங்கேதான் எரிக்கும் வேகமும் உச்சத்தில் இருந்திருக்கும். வரவேற்பும் வழியனுப்பும் முதலில் போவது இதனால்தான்.

டிரைவும் வட்டும் சரியாக இருந்தும் வேலை நடக்கவில்லை என்றால் மின்சாரத்தைப் பார்க்க வேண்டும். யுஎஸ்பி கேபிளில் ஓடும் மெல்லிய டிரைவ்களுக்கு எரிக்கும் நேரத்தில் மின்னோட்டம் கூடுதலாகத் தேவை. தனி மின்சாரம் இல்லாத ஹப் அதைத் தராது. ‘செமஃபோர் டைம் அவுட்’ என்ற செய்தி வந்தால் வட்டை மாற்றுவதற்கு முன் கேபிளையும் போர்ட்டையும் மாற்றிப் பார்ப்பதே முறை. பழைய எக்ஸ்பி கணினிகளில் வேறொரு தொல்லை: மொத்தம் ஆறு பரிமாற்றப் பிழை சேர்ந்தால் விண்டோஸ் தானாகவே வேகமான டிஎம்ஏ முறையைப் படிப்படியாகக் குறைக்கும், பிழை தொடர்ந்தால் மெதுவான பிஐஓ முறைக்கு இறங்கிவிடும், பிறகு எரிக்கும் வேகம் நத்தையாகிவிடும். டிவைஸ் மேனேஜரில் அந்த ஐடிஇ சேனலை நீக்கிவிட்டு மறுதொடக்கம் செய்தால் மீளும்.

விண்டோஸில் டிரைவே காணாமல் போவது இன்னொரு பழைய பழுது. எரிக்கும் மென்பொருள்கள் பலவற்றை நிறுவி நீக்கிய கணினியில், அவை விட்டுச் சென்ற வடிகட்டி டிரைவர்கள் ரெஜிஸ்ட்ரியில் தங்கிவிடும். டிவைஸ் மேனேஜர் 19, 31, 39, 41 போன்ற எண்களோடு மஞ்சள் குறி காட்டும். ‘4டி36இ965’ என்று தொடங்கும் வகைச் சாவியில் அப்பர்ஃபில்டர்ஸ், லோயர்ஃபில்டர்ஸ் என்ற இரண்டு மதிப்புகளை, ரெஜிஸ்ட்ரியின் நகலை எடுத்து வைத்த பிறகு, நீக்கினால் டிரைவ் திரும்பும். மென்பொருளை மீண்டும் மீண்டும் நிறுவும் பழக்கம் உண்டாக்கிய பழுது இது. ‘இடம் போதவில்லை’ என்று பென் டிரைவ் மறுப்பதும் மென்பொருள் கோளாறல்ல: எஃப்ஏடி32 அமைப்பு 4 ஜிபிக்கு மேற்பட்ட ஒற்றைக் கோப்பை ஏற்காது. எக்ஸ்ஃபேட்டில் ஃபார்மேட் செய்தால் தீர்ந்தது.

எரிப்பதில் வரும் சிக்கல்களில் சில கொள்ளளவு பற்றியவை. அட்டையில் 4.7 ஜிபி என்று அச்சிட்ட வட்டில் கணினி காட்டும் கணக்கில் 4.37தான் கொள்ளும், 8.5 என்றது 7.96. வேறு சில வட்டின் தரத்தால் வருபவை. ‘பவர் கேலிபிரேஷன் எரர்’ என்பது, லேசரின் ஆற்றலை எவ்வளவு வைப்பது என்று டிரைவ் சோதித்துப் பார்த்து முடிவுக்கு வர முடியாத நிலை. வட்டின் தயாரிப்புக் குறியீட்டை டிரைவின் ஃபர்ம்வேர் அறியாவிட்டால் இது வரும். ஃபர்ம்வேரைப் புதுப்பித்தல், வேறு வட்டு, லென்ஸ் துடைத்தல் என்ற வரிசையில் போக வேண்டும். மிகக் குறைந்த வேகமே நல்லது என்பது பழைய நம்பிக்கை. 16 மடங்கு வேகத்துக்குச் செய்த சாயத்துக்கு 8 மடங்கு பொதுவாக ஒத்துவரும். அதற்கும் கீழே இறக்குவதால் நன்மை கூடுவதில்லை. எரித்த பின் சரிபார்ப்பைத் தவிர்த்து நேரம் மிச்சம் பிடிப்பது, வாடிக்கையாளர் வீட்டில் பழுதைக் கண்டுபிடிக்க விடுவதாகும்.

கடைகளில் விற்ற படவட்டுகளின் கதை வேறு. சிஎஸ்எஸ் பூட்டுள்ள வட்டைக் கோப்பாக நகலெடுத்தால் படம் கட்டம் கட்டமாகச் சிதறும். அது பழுதல்ல, பூட்டின் வேலை. இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தில் 2012-இல் சேர்த்த 65ஏ பிரிவின்படி, உரிமையை மீறும் நோக்கத்தோடு இத்தகைய பூட்டை உடைப்பவருக்கு இரண்டு ஆண்டு வரை சிறையும் அபராதமும் உண்டு. கல்யாண வீடியோவுக்கு இந்தத் தயக்கம் வேண்டியதில்லை. பணம் கொடுத்து எடுக்கச் சொன்னவரே, வேறு ஒப்பந்தம் இல்லாதவரை, அதன் முதல் உரிமையாளர் என்கிறது 17-ஆம் பிரிவு. குடும்பம் கேட்டால் நகலெடுக்கலாம்; எடுத்த ஸ்டூடியோ மூடிப்போயிருந்தாலும் தடையில்லை.

கடைசியில் மென்பொருள். டிவிடி ஷ்ரிங்க் நெடுங்காலமாகப் புதுப்பிக்கப்படவில்லை. டிவிடி டிக்ரிப்டர் 2005-இல் நிறுத்தப்பட்டது. அதே ஆசிரியரின் இம்க்பர்ன் 2013-இல் வந்த 2.5.8.0 பதிப்போடு நிற்கிறது, ஆனாலும் எரிப்பதற்கு இன்றும் நம்பலாம். 2012-இல் வந்த விண்டோஸ் 8 முதல் டிவிடி ஓட்டும் வசதி விண்டோஸோடு இயல்பாக வருவதில்லை. விஎல்சி போட்டுக்கொள்ள வேண்டும். இத்துறையே சுருங்கிவருகிறது. நம் கடைகளில் வெற்று வட்டை நிரப்பிய, 28 ரூபாய்க்குத் தமிழ்ப்பட விசிடி விற்ற மோசர் பேயர் நிறுவனத்தைக் கலைக்க 2018-இல் உத்தரவாயிற்று. பதியும் புளூரே வட்டு உற்பத்தியைச் சோனி 2025 பிப்ரவரியோடு நிறுத்தியது.

ஆகவே இன்று ஒரு டிவிடிக்குப் பதில் இன்னொரு டிவிடி எரித்துக் கொடுப்பது நிறைவான வேலை ஆகாது. ஐஎஸ்ஓ இமேஜ் ஒன்று, கைபேசியில் ஓடும் எம்பி4 ஒன்று, இரண்டும் தனித்தனி இரண்டு சாதனங்களில்: குறைந்த அளவு இதுதான். வட்டில் பேனாவால் எழுதியிருக்கும் பெயர், தேதி, கோயில் பெயர் ஆகியவற்றையும் கோப்பின் பெயரில் சேர்க்க வேண்டும். விதுராவிலும் நெடுமங்காட்டிலும் கடை வைத்திருப்பவர்கள், போனக்காட்டுக் குடும்பங்கள் பெட்டியைத் திறக்கட்டும் என்று காத்திருக்க வேண்டாம். ஒரு மடிக்கணினி, இரண்டு டிரைவ், ஒரு ஹார்ட் டிஸ்க் ஆகியவற்றோடு, அடுத்த தென்மேற்குப் பருவமழைக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை மலையேறிப் போய் எடுத்துக் கொடுங்கள்.