பள்ளிவாசலை உடைக்கும் முன்

எங்கள் ஊர்களில் பழைய பள்ளிவாசல்களை உடைப்பது இன்று ஒரு போட்டியாகி விட்டது. பக்கத்து ஊரில் இரண்டு மாடி எழும்பினால் நமக்கு மூன்று வேண்டும். அடிக்கல் நாட்டும் வைபவத்தில் வசூலான பணத்தின் கணக்கு வாசிக்கப்படுகிறது. இடிபடும் பள்ளியைக் கட்டியவர் யார், காணியை வக்பு செய்தவர் யார், ஹவுழுக்குக் கல் எங்கிருந்து வந்தது என்ற கணக்கை எவரும் வாசிப்பதில்லை. அதை எழுதி வைத்தவர் இல்லை.

சனம் பெருகி விட்டது, இடம் போதாது என்பார்கள். ஒப்புக்கொள்கிறேன். ஜும்ஆவுக்கு வந்து வெயிலில் நின்று தொழுகிறவரிடம் பழைய தூணின் அழகைப் பேச நான் வரவில்லை. ஆனால் கொழும்பு புறக்கோட்டை இரண்டாம் குறுக்குத் தெருவிலுள்ள ஜாமிஉல் அல்பாரைப் பாருங்கள். சம்மாங்கோட்டுப் பள்ளி என்று நாம் சொல்லும் அந்தச் சிவப்புப் பள்ளி 1908இல் தொடங்கி 1909இல் முடிக்கப்பட்டது. அதை வடிவமைத்த ஹபீபு லெப்பை சாய்பு லெப்பை கட்டடக் கலையை முறையாகப் படித்தவரல்லர். இடநெருக்கடி பற்றிப் பேச முழு உரிமையுள்ள வியாபாரத் தெரு அது. அங்கே அயல் காணிகளை வாங்கி விஸ்தரித்தார்கள். சிவப்பும் வெள்ளையுமான பழைய முகப்பு இன்றும் நிற்கிறது. புறக்கோட்டையில் முடிந்தது கிராமத்தில் ஏன் முடியாது?

பழைய கல்லைப் பேணுவது ஷிர்க்கில் கொண்டுபோய் விடும் என்போரும் உளர். கல்லை வணங்கச் சொல்லவில்லை; வாசிக்கச் சொல்கிறேன். கொழும்பில் கிடைத்த கூபி எழுத்து மீஸான் கல்லை, சாமுவேல் லீயின் மொழிபெயர்ப்போடு 1827இல் அலெக்சாண்டர் ஜோன்ஸ்டன் வெளியிட்டார். 10ஆம் நூற்றாண்டில் இம்மண்ணில் அடங்கிய ஒரு முஸ்லிமுக்கு அந்த ஒற்றைக் கல்லே சாட்சி. அதை யாராவது உடைத்து அத்திவாரத்தில் போட்டிருந்தால்?

நம்மிடம் சாட்சி கேட்பது புதிதல்ல. சோனகர் மதம் மாறிய தமிழரே என்று 1888இல் பொன்னம்பலம் இராமநாதன் கட்டுரை வாசித்தார். அதற்கு ஐ.எல்.எம். அப்துல் அஸீஸ் 1907இல் நூலாகவே மறுப்பெழுதினார். 2012 ஏப்ரலில் தம்புள்ளைப் பள்ளியைத் தாக்கிய கும்பல், அது சட்டவிரோதக் கட்டடம் என்று கூவியது. எப்போது வந்தீர்கள் என்ற இந்தக் கேள்வி நாளை எந்த ஊர் வாசலிலும் வந்து நிற்கும். அப்போது புது மாபிளையும் மின்விசிறியையுமா காட்டப் போகிறோம்?

காத்தான்குடியில் 1990 ஓகஸ்ட் 3இல் தொழுகையில் நின்றோர் சுட்டுக் கொல்லப்பட்டனர். அந்தச் சன்னத் துளைகளைச் சுவரில் பேணி வைத்திருக்கிறோம், அது சரியானதே. நாம் கொல்லப்பட்டதற்குச் சுவர் சாட்சி சொல்ல வேண்டுமென்றால், நாம் வாழ்ந்ததற்கும் ஒரு சுவராவது சாட்சி சொல்ல வேண்டாமா?

நிர்வாக சபைகளிடம் நான் கேட்பது பெரிய செலவல்ல. உடைத்தே ஆக வேண்டுமென்றால், முதலில் அளந்து வரையுங்கள், படமெடுங்கள். மீஸான் கல் எழுத்துகளைப் பிரதி செய்யுங்கள். அலுமாரியில் கறையான் தின்னும் கந்தூரிக் கணக்குக் கொப்பிகளையும் அறபுத் தமிழ் ஏடுகளையும் வெளியே எடுங்கள். அறபுத் தமிழ் வாசிக்கத் தெரிந்த முதியவர்களிடம், அவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதுங்கள். ஒரு பிரதியை ஊர்ப் பாடசாலைக்குத் தாருங்கள். எங்கள் பிள்ளைகளின் பாடநூலில் இல்லாத பக்கம் அது. அதைக் கற்பிக்க ஆசிரியர்கள் நாங்கள் இருக்கிறோம்.

இவ்வளவும் முடிந்த பிறகு மண்வெட்டியைத் தூக்குங்கள்.