மேட்டுப் பாத்தி

வீட்டுத் தோட்டம் செல்வர்க்கே உரியதெனக் கருதுவார் பலர். அக்கருத்துப் பிழையுடைத்து. எம் இல்லத்துக் கொல்லை களிமண் நிலம். ஐப்பசி மழைநீர் தேங்கி, விதைத்த கீரை ஈராண்டும் வேரழுகி மாண்டது. மூன்றாம் ஆண்டில் 1 அடி உயரத்திற்கு மேட்டுப் பாத்தி அமைத்தேன்.

இடிந்த மாட்டுக்கொட்டிலின் செங்கற்களே கரையாயின. சிமெண்டுப் பூச்சு வேண்டா. கற்களை அடுக்கி வைத்தலே சாலும். இடுக்குகளின் வழியே மிகுநீர் வடிந்துவிடும். கைப்பொருள் சிறிதாயின் அதனைச் சுவருக்குச் செலவிடாது மண்ணுக்கும் எருவுக்குமே செலவிடுக என்பது என் துணிபு. யான் விலை கொடுத்து வாங்கியவை அவ்விரண்டுமே. செம்மண் இரு பங்கு, மக்கிய தொழுவுரம் ஒரு பங்கு, மணல் ஒரு பங்கு எனக் கலந்து நிரப்பினேன். அடியில் தேங்காய் உரிமட்டைகளைப் பரப்பினேன். அவை நீரை ஈர்த்து வைத்து வேர்க்கு ஊட்டும்.

மாணவர்களே, பாத்தியின் அகலம் 4 அடிக்கு மேற்படலாகாது. முதற்பாத்தியை 5 அடியாக அமைத்துவிட்டு, நடுவிலுள்ள களையைப் பறிக்க யான் பட்ட பாட்டை என் முதுகே அறியும்! வீட்டுச் சுவரை ஒட்டி அமைப்பாரும் உளர். அஃது ஈரத்தையும் கறையானையும் வலிய அழைத்தலாகும். மேட்டுப் பாத்தி கோடையில் விரைந்து உலரும் என்பது மெய்யே. ஆதலின் சருகு பரப்பி மூடுதல் வேண்டும்.

அவ்வாண்டுக் கார்த்திகையில் கொல்லையெங்கும் நீர் நின்றது. பாத்தியின்மேல் அரைக்கீரை தழைத்திருந்தது.