எங்கள் ஊர் அர்த்தநாரீஸ்வரரும் கம்ப்யூட்டரும்

அருங்காட்சியகம் என்றாலே எனக்கு நினைவுக்கு வருவது பள்ளிச் சுற்றுலாதான். தூசி படிந்த கண்ணாடிப் பெட்டி, எழுத்து அழிந்த அட்டை, "தொடாதே" என்று ஒரு அதட்டல். கம்ப்யூட்டர் வந்ததால் அங்கே தொடுதிரை வந்தது, முப்பரிமாணப் படம் வந்தது என்றெல்லாம் எழுதுகிறார்கள். இருக்கட்டும். எங்கள் விருத்தாசலத்துக்காரனுக்கு அதைவிடப் பெரிய விஷயம் ஒன்று உண்டு.

வெளியூரில் எங்கள் ஊரைப் பீங்கான் பொம்மைக்காகத்தான் தெரியும். ஆனால் இங்குள்ள விருத்தகிரீஸ்வரர் கோயிலின் கல் அர்த்தநாரீஸ்வரர், ஆஸ்திரேலியாவின் சிட்னியில் ஒரு அருங்காட்சியகத்தில் நின்றிருந்தார். நியூ சவுத் வேல்ஸ் ஆர்ட் கேலரி 2004-இல் சுபாஷ் கபூர் என்ற நியூயார்க் வியாபாரியிடம் சுமார் 3 லட்சம் டாலருக்கு அவரை வாங்கியது. 1970-லேயே டெல்லிக் கடை ஒன்றில் விற்கப்பட்டது என்று ஒரு ரசீதும் சிலையோடு போனது.

அந்த ரசீதைப் பொய்யாக்கியது ஒரு புகைப்படம். புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தார் 1974-இல் எங்கள் கோயிலில் எடுத்த படத்தில் அதே சிலை சுவரில் இருக்கிறது! டெல்லியில் விற்றுப்போன சிலை நான்கு வருடம் கழித்து இங்கே எப்படி நிற்கும்? அருங்காட்சியகம் வெளியிட்டிருந்த படத்தையும் இந்தப் பழைய படத்தையும் ஒப்பிட்டுக் கண்டுபிடித்தவர்களில் சிலை ஆர்வலர்களும் வலைப்பதிவர்களும் இருந்தார்கள். 2014 செப்டம்பரில் ஆஸ்திரேலியப் பிரதமர் டோனி அபாட் டெல்லி வந்து சிலையை ஒப்படைத்தார். இதே கோயிலின் பிரத்யங்கிரா சிலை 2016-இல் கான்பெராவிலிருந்து திரும்பியது.

படத்தை எல்லோரும் பார்க்கும்படி போட்டால் திருடனுக்கும் வசதிதானே என்று என் நண்பன் கேட்டான். நியாயமான கேள்வி. கடத்தல் கும்பலும் கேமராவோடுதான் கோயிலுக்குள் போனது. ஆனால் அவர்களுக்கு வேண்டிய படத்தை அவர்களே எடுத்துக்கொள்வார்கள். படம் இல்லாமல் தவிப்பது நாம்தான். உலோகச் சிலையைப் பூட்டி வைக்கிறோம், கணக்கெடுக்கிறோம். சுவரில் உள்ள கல் சிலையை யார் எண்ணுகிறார்கள்?

அன்று பிரெஞ்சுக்காரர்கள் படம் எடுத்திராவிட்டால் அந்த டெல்லி ரசீதே வரலாறாகியிருக்கும். இன்று எல்லார் கையிலும் செல்போன் இருக்கிறது. நம் மாணவர்கள் தங்கள் ஊர்க் கோயிலின் வெளிச்சுவர்களை, அனுமதி வாங்கிக்கொண்டு, மாடம் மாடமாகப் படம் எடுத்து, கோயில் பெயரும் தேதியும் போட்டு இணையத்தில் ஏற்றலாம். நானும் இரண்டு நண்பர்களும் வரும் ஞாயிறு காலை கிழக்குக் கோபுர வாசலில் சந்திப்பதாக இருக்கிறோம்.