தாய்ப்பாலை நிறுத்தச் சொல்வது யாருக்கு வசதி?

எங்கள் சமூகத்தில் பிள்ளை பெற்ற பெண்ணுக்குப் புத்தி சொல்ல ஆட்களுக்குப் பஞ்சமே இல்லை. சரக்குத் தண்ணீர் எத்தனை நாள், சுறா வறை எப்போது, தலைமுழுக்கு என்றைக்கு என்பவற்றில் வீட்டுக்கு வீடு ஒரு நிபுணர் இருப்பார். ஆனால் அதே பெண், மூக்கு ஒழுகி, கண் அரித்து, இரவு முழுவதும் தும்மிக்கொண்டு, "இதற்கு என்ன மருந்து எடுக்கலாம்?" என்று கேட்டுவிட்டால் அத்தனை நிபுணர்களும் ஒரே விடையையே சொல்கிறார்கள். ஒன்றில் மருந்தை விடு, அல்லது பாலை நிறுத்து.

இந்த விடை பெரும்பாலான தாய்மாரைப் பொறுத்தவரை தவறானது. அது மட்டுமன்றித் தீங்கானதும்கூட. நான் வைத்தியன் அல்லன், பத்திரிகைக்காரன். எனவே மருந்துச் சீட்டு எழுதுவது என் நோக்கமன்று. வெளிப்படையாகக் கிடைக்கும் ஒரு தகவல், அது தேவைப்படும் பெண்களிடம் ஏன் சென்று சேர்வதில்லை என்று கேட்பது என் தொழிலுக்கு உட்பட்டது என்பதாலேயே இதனை எழுதுகிறேன்.

ரொறன்ரோவில் வாழும் என் மருமகள் ஒருத்தி சில ஆண்டுகளுக்கு முன்னர் ஓர் ஓகஸ்ட் மாதத்தில் தொலைபேசியில் அழைத்தாள். யாழ்ப்பாணத்துப் புழுதியில் வளர்ந்தபோது ஒருநாளும் வராத தும்மல், கனடா சென்று சில ஆண்டுகளில் அவளைப் பிடித்துக்கொண்டது. அங்கே ஓகஸ்ட் நடுப்பகுதியிலிருந்து ராக்வீட் என்ற களைச்செடியின் மகரந்தம் காற்றில் பரவும். அப்போது அவளுடைய குழந்தைக்கு மூன்று மாதம். மருந்துப் பெட்டியின் பின்புறத்தில், பாலூட்டும் தாய்மார் பாவிக்குமுன் ஆலோசனை பெறவும் என்ற ஒற்றை வரி. மருந்துக்கடையிலிருந்த பெண் அந்த வரியைச் சுட்டிக்காட்டியதோடு தன் கடமையை முடித்துக்கொண்டார். மாமியாரோ பால்மா வாங்கிவரச் சொல்லிவிட்டார். "மாமா, பாலை நிப்பாட்டிறதோ, இல்லாட்டி இந்தத் தும்மலோடை கிடந்து அவதிப்படுறதோ? எனக்கு வேறை வழி இல்லையோ?" என்று அவள் கேட்டாள்.

வழி இருக்கிறது. குடும்ப வைத்தியர் மறுநாளே அதைச் சொன்னார். ஆனால் அவரைச் சந்திக்க நேரம் கிடைத்தது அவளுடைய அதிர்ஷ்டம். அத்தகைய வாய்ப்பில்லாத பெண்களுக்காகச் சில விடயங்களைத் தெளிவாகச் சொல்லவேண்டும்.

தாய் விழுங்கும் மருந்து முழுவதும் பாலுக்குப் போய்விடுவதில்லை. இரத்தத்தில் கலப்பதில் ஒரு சிறு பங்கே பாலைச் சென்றடைகிறது. குழந்தையின் எடைக்கு ஏற்பக் கணக்கிட்டு, அதற்குக் கிடைக்கும் அளவு தாய் எடுத்த அளவின் 10 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் அதனைப் பொதுவாக ஏற்கத்தக்கதாகக் கொள்வது மருத்துவ உலகின் வழக்கம். தூக்கம் அதிகம் தராத ஒவ்வாமை மருந்தான லோரற்றடினை எடுத்துக்கொள்ளுங்கள். 1988இல் வெளியான ஓர் ஆய்வில், வழமையான 10 மில்லிகிராமுக்குப் பதிலாக 40 மில்லிகிராம் கொடுத்துப் பார்த்தார்கள். அப்போதும் பால்வழியே குழந்தைக்குச் செல்லக்கூடிய அளவு ஏறத்தாழ 1 சதவீதமாகவே இருந்தது. செற்றிரிசின் என்ற மற்றைய மருந்தும் அந்த 10 சதவீத எல்லைக்கு மிகக் கீழேயே நிற்கிறது. பிரித்தானியத் தேசிய சுகாதார சேவை இவ்விரண்டையும் பாலூட்டும் தாய்மார் எடுக்கலாம் என்றே சொல்கிறது. மூக்கில் விசிறும் ஸ்டீரொயிட் மருந்துகளில் இரத்தத்தில் கலப்பது மிகக் குறைவு. உப்புநீரால் மூக்கைக் கழுவுவதில் மருந்தே இல்லை.

அப்படியானால் எச்சரிக்கையே தேவையில்லையா? தேவை. ஆனால் எங்களவர்கள் அதனைத் தவறான இடத்தில் வைத்திருக்கிறார்கள்.

பிரிற்றன் என்ற பெயரில் இலங்கையில் வீட்டுக்கு வீடு இருக்கும் அந்தச் சிறிய மஞ்சள் குளிசையைப் பாருங்கள். குளோர்பெனிரமின் என்பது அதன் இயற்பெயர். பாட்டன் காலத்திலிருந்து பழகியது என்பதால் அதற்கு யாரும் பயப்படுவதில்லை. புதிய மருந்துக்குத்தான் பயம். உண்மையில் நிலைமை தலைகீழ். பழைய வகை மருந்துகள் மூளைக்குள் இலகுவாகப் புகுந்து தூக்கத்தை ஏற்படுத்துகின்றன. அந்தப் பழைய வகையைச் சேர்ந்த கிளெமஸ்ரின் என்ற மருந்தை எடுத்த தாயொருவரின் பத்து வாரக் குழந்தை சோர்ந்து, எரிச்சலுற்று, பால் குடிக்க மறுத்த சம்பவம் 1982இல் மருத்துவ இதழொன்றில் பதிவாகியது. அத்தாய் வலிப்புக்கான மருந்துகளும் எடுத்துக்கொண்டிருந்தார் என்பதையும் சேர்த்தே சொல்லவேண்டும். பழைய குளிசையை எப்போதாவது ஒன்று எடுப்பதால் பெருந்தீங்கு நேர்வதில்லை. நாளாந்தம் பலமுறை, வாரக்கணக்கில் எடுப்பதே சிக்கல். எடுக்கவேண்டியே வந்தால் இரவின் கடைசிப் பாலூட்டலுக்குப் பின் ஒரு வேளை மட்டும் எடுப்பது நல்லது என்பது நிபுணர்களின் ஆலோசனை.

இதில் இன்னோர் ஆபத்து பாலில் இல்லை, பாயில் இருக்கிறது. எங்கள் வீடுகளில் குழந்தை தாயின் அருகிலேயே உறங்கும். தூக்க மருந்தின் மயக்கத்தில் ஆழ்ந்து உறங்கும் தாய், பக்கத்தில் கிடக்கும் குழந்தையை வழமைபோல் உணர்ந்து விழிப்பார் என்று எதிர்பார்க்க முடியாது. மயக்கம் தரும் எந்த மருந்தையாவது எடுத்த இரவில் குழந்தையைத் தன் படுக்கையில் கிடத்தாமல் தொட்டிலிலோ வேறு பாதுகாப்பான படுக்கையிலோ கிடத்தவேண்டும். பாலைப் பற்றி இத்தனை கவலைப்படும் பெரியவர்களில் எத்தனை பேர் இதைச் சொல்லியிருக்கிறார்கள்?

அடுத்தது மூக்கடைப்புக் குளிசைகள். மேற்கு அவுஸ்திரேலிய ஆய்வாளர்கள் 2003இல் வெளியிட்ட சிறிய ஆய்வொன்றில் பாலூட்டும் பெண்கள் எட்டுப் பேர் பங்குபற்றினர். சூடோஎபெட்ரின் 60 மில்லிகிராம் ஒரேயொரு தடவை எடுத்ததும் அந்த நாளின் பால் சுரப்பு சராசரியாக 24 சதவீதம் குறைந்தது. "குழந்தைக்கு நஞ்சாகும்" என்று அஞ்சிய தாய், பால் வற்றியது ஏன் என்று தெரியாமலே பால்மாவுக்குப் போகும் வழி இதுதான். வட அமெரிக்காவில் கிளாரிற்றின் என்று விற்கப்படுவது லோரற்றடின் மட்டுமே. அதே பெயரின் பின்னால் 'டி' என்ற ஓர் எழுத்துச் சேர்ந்தால் சூடோஎபெட்ரினும் கலந்திருக்கிறது என்று பொருள். தடிமன் காய்ச்சலுக்கென்று விற்கப்படும் கூட்டுக் குளிசைகளிலும் இத்தகைய கலவைகள் உண்டு.

எனவேதான் வணிகப் பெயரை விட்டு மருந்தின் இயற்பெயரைப் பார்க்கப் பழகவேண்டும் என்கிறேன். இது புதிய யோசனையன்று. 1971இல் தொடங்கப்பட்ட அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனத்தின் முதல் தலைவரான பேராசிரியர் சேனக்க பிபிலே இந்த நாட்டுக்குக் கற்பிக்க முயன்ற பாடமே அது. அவர் 1977இல் மறைந்தார். பாடத்தை நாங்கள் இன்னும் முழுதாகப் படிக்கவில்லை.

சரி, பெட்டியின் பின்னால் இருக்கும் அந்த ஒற்றை வரி யாருக்காக எழுதப்பட்டது? தாய்க்காக என்றால், எது பாதுகாப்பு, எது கவனம் என்று அது சொல்லியிருக்கும். அந்த வரி, பொறுப்பை விற்பவரின் தோளிலிருந்து வாங்குபவரின் தோளுக்கு மாற்றுகிறது, அவ்வளவே. அமெரிக்காவில் 2015ஆம் ஆண்டு நடைமுறைக்கு வந்த புதிய விதி, பாலூட்டல் பற்றிய விபரங்களை மருந்துக் குறிப்புகளில் விரிவாகத் தரவேண்டும் என்றது. ஆனால் வைத்தியரின் சீட்டுடன் வாங்கும் மருந்துகளுக்கே அது பொருந்தும். தும்மலுக்காகத் தாய் நேரே கடையில் வாங்கும் குளிசைக்கு அந்த விதி இல்லை.

வைத்தியர்களும் விதிவிலக்கல்லர். பாலூட்டும் பெண்கள் பலருக்கு, குழந்தைக்குத் தீங்கு வருமென்ற அச்சத்தால் பாலை நிறுத்தும்படியோ தேவையான மருந்தைத் தவிர்க்கும்படியோ பொருத்தமற்ற ஆலோசனை வழங்கப்படுவதை அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம் 2013இல் சுட்டிக்காட்டியது. "எதற்கும் நிறுத்திவிடுங்கள்" என்று சொல்வது சொல்பவருக்குப் பாதுகாப்பு. குழந்தை இழப்பதைப் பற்றி யாரும் வழக்குப் போடுவதில்லை. நிறுத்திய பால் பல வேளைகளில் மீண்டும் சுரப்பதுமில்லை.

இலங்கை இவ்விடயத்தில் பெருமைப்படத்தக்க நாடு. 2016ஆம் ஆண்டின் குடித்தொகை, சுகாதார ஆய்வின்படி ஆறு மாதத்துக்குட்பட்ட குழந்தைகளில் 82 சதவீதமானோர் தாய்ப்பால் மட்டுமே குடித்தனர். கிராமம் கிராமமாகச் சென்ற குடும்பநல உத்தியோகத்தர்களுக்கு அதில் பெரும் பங்குண்டு. அவர்கள் கையில் தமிழிலும் சிங்களத்திலும் ஒரு பக்கத் தாளொன்றைக் கொடுப்பதில் என்ன தடை? தும்மலுக்கு, தலையிடிக்கு, காய்ச்சலுக்குப் பாலூட்டும் தாய் எதை எடுக்கலாம், எதைத் தவிர்க்கலாம் என்று அதில் எழுதியிருந்தால் போதும். அமெரிக்கத் தேசிய மருத்துவ நூலகம் 2006இல் தொடங்கிய லக்ட்மெட் என்ற தரவுத்தளம் இந்த விபரங்களை இலவசமாகவே தருகிறது. ஆனால் அது ஆங்கிலத்தில் இருக்கிறது. அழுகின்ற குழந்தையை மடியில் வைத்திருக்கும் தாய் தேடிப் படிக்கக்கூடிய இடத்தில் இல்லை.

அதுவரை, வைத்தியரிடமோ மருந்துக்கடையிலோ கேள்வியை மாற்றிக் கேளுங்கள். "மருந்து எடுக்கலாமா?" என்று கேட்டால் "வேண்டாம்" என்ற பதில் இலகுவாக வரும். "நான் பாலூட்டுகிறேன். பிள்ளைக்கு இத்தனை மாதம். பாலை நிறுத்தாமல் எடுக்கக்கூடிய மருந்து எது?" என்று கேளுங்கள். குறைமாதத்தில் பிறந்த குழந்தை, பிறந்து சில வாரங்களேயான குழந்தை, நோயுள்ள குழந்தை என்றாலும், தாய் வேறு மருந்துகள் எடுப்பவர் என்றாலும் வைத்தியரைக் கேட்காமல் எதையும் தொடங்கவேண்டாம். மருந்து எடுத்தபின் குழந்தை வழமைக்கு மாறாக உறங்கினாலோ பால் குடிக்க மறுத்தாலோ உடனே காட்டுங்கள். தாய்க்கு முகம் வீங்கி மூச்சு முட்டுமானால் அது தும்மல் அன்று, உயிராபத்து. அப்போது பாலைப் பற்றி யோசிக்காமல் வைத்தியசாலைக்கு ஓடவேண்டும். அங்கே ஏற்றப்படும் அட்ரினலினைப் பாலூட்டலின் பேரில் யாரும் தாமதிக்கக்கூடாது.

பெரியவர்களிடம் ஒரு வேண்டுகோள். பத்தியம் சொல்லுங்கள், சரக்குத் தண்ணீர் வையுங்கள். ஆனால் இருமிக்கொண்டும் தும்மிக்கொண்டும் இருக்கும் ஒரு பெண்ணிடம் "பாலை நிற்பாட்டு" என்று சொல்லுமுன், அவளுக்காக ஒருமுறை வைத்தியரிடம் போய்க் கேட்டுவாருங்கள்.