கட் பண்ணாதீங்க அத்தான்!

எங்கள் வீட்டு அலமாரியில் 9 வருஷமாக முனகிக்கொண்டிருந்த நாஸ் பெட்டிக்கு ரிட்டயர்மென்ட். நாஸ் என்றால் பெரிய விஷயமில்லை ஸார், வீட்டு நெட்வொர்க்கில் எல்லோருக்கும் பொதுவான ஹார்ட் டிஸ்க். உள்ளே 2 டெராபைட்: கல்யாண போட்டோ, இன்கம்டாக்ஸ் கணக்கு, அப்புறம் 1994-ல் கேசட்டில் அப்பா பேசியது. கேசட் பூஞ்சை பிடித்துவிட்டது. அப்பாவும் இல்லை.

"கட் பண்ணி புதுசுல பேஸ்ட் பண்ணிடலாம் அத்தான், வைஃபையே போதும்" என்றான் மச்சினன்.

மூச்! நடுவில் கரண்ட் போனால் பாதி அங்கே, பாதி இங்கே. காப்பிதான் உத்தமம். இரண்டையும் கேபிளில் கோத்தேன். கிகாபிட் இணைப்பில் விநாடிக்குச் சுமார் 110 மெகாபைட். ஆக, 5 மணி நேரம். பொடி ஃபைல்கள் நிறைய இருந்தால் இன்னும் இழுக்கும்.

வேலையை ஆர்சிங்க்கிடம் விட்டேன். 1996-ல் ட்ரிட்ஜெல், மெக்கெராஸ் என்ற இருவர் ஆஸ்திரேலியாவில் எழுதிய இலவச புரோகிராம். பாதியில் நின்றாலும், மறுபடி ஓட்டினால் போய்ச் சேர்ந்ததைத் தொடாமல் மிச்சத்தை மட்டும் தூக்கும். கேட்டுக்கொண்டால் இரண்டு பக்கமும் படித்து ஒத்துப்பார்க்கும்.

ராத்திரி 11 மணிக்கு கரண்ட் போயே போனது. மச்சினன் மோட்டுவளையைப் பார்த்தான்.

காலையில் மிச்சத்தை ஓட்டி, ஒத்துப்பார்த்து முடிக்கும்போது சாயங்காலம். புதுப் பெட்டியிலிருந்து அப்பா குரல்: "டேய், சுவிட்சை அணைச்சியா?"

பழைய பெட்டியை அணைத்தேன். எடைக்குப் போடவில்லை. இன்னொரு காப்பி எடுக்கும்வரை அலமாரியிலேயே இருக்கட்டும்.