பங்குனிச் சேறு

எங்கள் மாவட்டத்தின் பறவைப் பெருமையை 2019 நவம்பரில் செங்கல்பட்டு எடுத்துக்கொண்டது. மாவட்டம் பிரிந்தது; வேடந்தாங்கலும் கரிக்கிலியும் அந்தப் பக்கம் போயின. பெரிய காஞ்சிபுரத்தில் இதற்காக யாரும் வருந்தியதாகத் தெரியவில்லை. எங்களுக்குக் கோயில்கள் இருக்கின்றன. ஏரிகளும் இருக்கின்றன, அவற்றின் நினைப்புதான் யாருக்கும் வருவதில்லை.

பறவை பார்ப்பதென்றால் மார்கழி, தை என்றே நமக்குப் பழக்கம். குளிர்நாட்டுக்காரர்களுக்கு வசந்தம் என்பது பறவைகள் வந்து சேரும் காலம். நமக்கோ வழியனுப்பும் காலம். அதையும்தான் பார்ப்போமே என்று, ஏகாம்பரநாதர் கோயிலில் பங்குனித் திருவிழா நடந்துகொண்டிருந்த ஒரு விடியற்காலையில், பக்கத்து வீட்டுத் தறிக்கார அண்ணனை ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு, வாலாஜாபாத் தாண்டித் தென்னேரிக்குப் போனேன்.

ஏரி பாதி வற்றியிருந்தது. கரையில் மாடு மேய்த்த பெரியவர், "தண்ணிதான் வத்திப்போச்சே, இப்ப என்னத்தப் பாக்கப் போறீங்க?" என்றார். நியாயமான கேள்வி. ஆனால் அந்த வற்றிய ஓரத்தில்தான் கூட்டம். பொரி உள்ளான்கள், பேதை உள்ளான்கள், கருவால் மூக்கன்கள். நடுவே கொசு உள்ளான்கள், நிமிரக்கூட நேரமில்லாமல் சேற்றைக் கொத்திக்கொண்டிருந்தன. ஒன்றின் எடை முப்பது கிராம்கூடத் தேறாது. கூடு கட்டுவதோ ஆர்க்டிக் பகுதியில். ஆர்க்டிக்கிலிருந்து இந்தியப் பெருங்கடல் வரை சுமார் 30 நாடுகளைக் கடக்கும் மத்திய ஆசிய வான்வழியில் அவை திரும்பிப் போக வேண்டும். அதற்கான எரிபொருள், இந்தச் சேற்றுப் புழுவையும் பூச்சியையும் தின்று உடம்பில் ஏற்றும் கொழுப்புதான்.

இன்னொரு வேலையும் நடந்துகொண்டிருந்தது. தை மாதம் முழுக்கச் சாம்பல் நிறத்தில் இருந்த கொசு உள்ளான்களின் முதுகில் செம்பழுப்பு ஏறியிருந்தது. கருவால் மூக்கனின் கழுத்து செங்கல் நிறத்துக்கு மாறத் தொடங்கியிருந்தது. மஞ்சள் வாலாட்டி அப்போதுதான் தன் பெயருக்கு நியாயம் செய்தது. இணை தேடுவது போகிற இடத்தில். அலங்காரம் மட்டும் இங்கேயே ஆரம்பம்.

பைனாகுலரைத் திருப்பித் தர மனமில்லாமல் அண்ணன் சொன்னார்: "நம்ம கதைதான் தம்பி. முகூர்த்தப் புடவைய இங்க நெய்யறோம். கல்யாணம் எங்கயோ நடக்குது."

இப்போதெல்லாம் ஏரி என்றால் தூர்வாருவது என்றாகிவிட்டது. தண்ணீர் தேவை, மறுக்கவில்லை. ஆனால் கரையோரம் வரை ஒரே ஆழமாக வெட்டிவிட்டால், இரண்டு விரற்கடைக் கால் உள்ள பறவை எங்கே நின்று தின்னும்? நீந்தும் வாத்துக்கு ஆழம் போதும். உள்ளானுக்குக் கணுக்கால் தண்ணீரும் ஈரச் சேறும்தான் சாப்பாட்டுத் தட்டு.

பறவை இருந்தால் ஊருக்கும் லாபம் என்ற கணக்கு வேடந்தாங்கல்காரர்களுக்குத் தெரிந்திருந்தது. பறவை எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் வயலுக்கு உரம் என்று கண்டவர்கள், பறவைகளைச் சுடக் கூடாதென்று 1798-லேயே செங்கல்பட்டு கலெக்டரிடம் உத்தரவு வாங்கினார்கள். அவர்கள் காத்தது மரத்தில் கூடு கட்டும் பறவைகளை. சேற்றில் மேயும் இந்தச் சின்னதுகளுக்காகப் பேச இன்னும் ஒரு ஊர் கிளம்பவில்லை.

அடுத்த முறை தூர்வாரும்போது ஏரியின் ஒரு பக்கத்தையாவது சரிவாக விட்டுவையுங்கள். செலவு ஒன்றும் ஆகாது. வெட்டாமல் விடுவதற்கு யாரும் டெண்டர் கேட்டு வரப்போவதில்லை. அதுதான் இதிலுள்ள ஒரே சிக்கல்.